மாட்டுக்கு மாடு

கத்தியை மூன்றாவது தடவை இழுத்தபோது செவலை மயிர் கொத்தாகக் கழன்று காலடியில் விழுந்தது. அடியில் வெளுத்த தோலில் ஒரு தழும்பு தெரிந்தது. இருசப்பன் கையை நிறுத்தினான்.

தழும்பு அவனுக்குப் புதிதில்லை. சின்னசேலத்துக்கு வெளியே இருந்த அந்தத் தோல்ஷாப்பில் பதினோரு வருஷமாக அவனுக்கு மயிர் எடுக்கிற வேலை. உப்புப் போட்டு மடித்து வருகிற தோலை ஒருநாள் தண்ணீரில் ஊறப்போட்டு உப்பைக் கழுவுவார்கள். அப்புறம் சுண்ணாம்புத் தொட்டி. நாலு நாள் கழித்து இழுத்துக் கட்டைமேல் போட்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த மொட்டைக் கத்தியால் வழித்தால் மயிர் சேறு மாதிரி வரும். முள்கம்பி கிழித்தது, உண்ணி கடித்தது, தார்க்குச்சி குத்தியது என்று மாடு உயிரோடு இருந்தவரை மயிருக்குள் மறைந்திருந்ததெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

இது சூடு போட்ட தழும்பு. முன்னங்கால் சப்பையில், கவிழ்த்துப் போட்ட 'ட' மாதிரி இருந்தது.

இரண்டு கோடாகத்தான் அவன் போட நினைத்தான். போன வருஷம் ஐப்பசியில் தங்கச்சி ரங்கம்மாள் அழுதுகொண்டே போன் பண்ணினாள். மாட்டுக்குச் சப்பை வீங்கிவிட்டது, மாட்டு டாக்டர் லீவில் இருக்கிறார் என்றாள். இவன் போய் அருவாளைக் காய்ச்சி முதல் கோடு போட்டான். இரண்டாவது கோட்டுக்கு மாடு துள்ளியது. கோடு சாய்ந்து முதல் கோட்டில் போய் முட்டிக்கொண்டது. "இன்னாண்ணே, பாடம் எழுதிக்கினு கீற?" என்று அழுகைக்கு நடுவிலும் சிரித்தாள் ரங்கம்மாள்.

அந்த மாடு காணாமல் போய் இன்றைக்குப் பதிமூன்று நாள்.

"இன்னாண்ணா அப்பிடியே நின்னுட்ட?" என்றாள் பக்கத்துக் கட்டையில் தோல் மடித்துக்கொண்டிருந்த காசியம்மாள். "தோல்ல ஒம் பொண்டாட்டி பேரு எழுதியிருக்குதா?"

"காசி, ஒங் கை காஞ்சிருக்குதா?"

"எதுக்கு, பொண்ணு பாக்க வந்திருக்கியா?"

"என் ஜோப்புல போன் கீது. எடுத்து இத ஒரு போட்டோ புடி. என் கைக்கு அது வேல செய்யாது."

சுண்ணாம்பில் ஊறிய அவன் விரல்களில் ரேகை கிடையாது. ரேசன் கடையில் கைவைக்கிற மிஷின்கூட அவனை ஆள் என்று ஒத்துக்கொள்ளாது. காசியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு நாலு போட்டோ எடுத்தாள். ஈரத்தோலில் வெளிச்சம் பட்டு எல்லாம் வெள்ளையாக விழுந்தது. ஒன்றில் மட்டும் தழும்பு தெரிந்தது.

"ஏண்ணா, தெரிஞ்ச மாடா?" என்றாள். இப்போது அவள் குரலில் கிண்டல் இல்லை.

"எந் தங்கச்சிக்கு நான் குடுத்த கன்னு."

காசியம்மாள் கீழே கிடந்த மயிரைக் காலால் ஒதுக்கினாள்.

மேஸ்திரி மாயவனிடம் போய்க் கேட்டான். சப்பைப் பக்கம் ஒரு சாண் மட்டும் அறுத்துத் தரச் சொன்னான். மாயவன் கெட்டவர் இல்லை. ஆனால் பதினெட்டு வயதிலிருந்து தோலை மட்டுமே பார்த்தவர்.

"ஓட்ட வுழுந்த தோலு ரெண்டாம் ரகத்துக்குப் பூடும். மொதலாளி எங் கழுத்துல துண்டப் போடுவாரு. சரி, அறுத்தே குடுக்கறேன்னு வச்சிக்க. அத எடுத்தும்போயி இன்னா பண்ணப்போற?"

"காட்டணும்."

"எத்தக் காட்டுவ? நாளிக்கி சாயங்காலமே சுருண்டு அப்பளமாட்டம் ஆயிடும். கோடும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. ஒனக்குத் தெரியாதா இது? சவ்வ எடுத்து, சுண்ணாம்பக் கழுவி, ஆவாரம்பட்டத் தண்ணியில இருவது நாளு போட்டாதான் அது தோலு. அதுவரிக்கும் அது அழுவிப்போற சத."

"இருவது நாளு இல்ல மேஸ்திரி. மாடு காணாமப் போனதுக்கு ஞாயித்துக்கெழம மலையில பஞ்சாயத்து வச்சிருக்காங்க."

"அப்ப ஞாயித்துக்கெழமய தள்ளி வைக்கச் சொல்லு," என்றார் மாயவன். "கடுக்கா தண்ணியாண்ட போயி அவசரம்னா அது கேக்குமா?"

அவனுக்கும் தெரியும். தோல்ஷாப்பில் எதையும் அவசரப்படுத்த முடியாது. அன்றைக்கு வியாழக்கிழமை. அவன் திரும்பிப் போய் மிச்ச மயிரையும் எடுத்தான். தோலைத் திருப்பிப் போட்டுச் சவ்வை வழித்தான். தழும்பு இருந்த இடத்தில் மட்டும் கத்தியை அழுத்தாமல் ஓட்டினான். அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவனுக்கே தெரிந்திருந்தது.

ரங்கம்மாளைக் கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், அணைக்குக் கீழே கட்டிக்கொடுத்திருந்தது. புருஷன் பச்சமுத்து குத்தகைக்குக் கரும்பு போடுகிறவன். வயலில் பயிர் நிற்கிற காலத்தில் அந்தப் பக்கத்து ஜனங்கள் மாடுகளைக் கல்வராயன் மலைக்கு ஓட்டிவிடுவார்கள். மேலே சடையன் பட்டி போட்டிருந்தார். முப்பது நாற்பது மாடு சேரும். மேய்ச்சல் அவர் பொறுப்பு, சாணி அவருக்கு, அறுப்பு முடிந்ததும் ஆளுக்குக் கொஞ்சம் நெல். அந்தப் பட்டியிலிருந்துதான் ரங்கம்மாள் மாடு காணாமல் போனது. அன்றிலிருந்து அவள் காலையில் முதல் பஸ்ஸுக்கு மலையேறிவிடுகிறாள். ஓடை ஓடையாக மாட்டைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு திரிகிறாள். கூடவே பச்சமுத்துவும் போகிறான்.

பச்சமுத்து போவதுதான் இருசப்பனுக்கு உறுத்தியது. அந்த மாடு வேற்றாள் கயிற்றைப் பிடித்தால் நகராது. ஒன்று ரங்கம்மாள் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் பச்சமுத்து பிடிக்க வேண்டும். கன்று கொடுத்த அவனையே இரண்டு தடவை உதைத்திருக்கிறது. அப்படிப்பட்ட மாட்டை ராத்திரியில் மலையிலிருந்து சத்தமில்லாமல் இறக்கிக்கொண்டு வந்தவன் யார்?

வேலை விட்டதும் டவுன் பஸ் பிடித்துப் போனான். ரங்கம்மாள் வீட்டுக்குப் போகவில்லை. கரும்புக் கொல்லையில் மடை திருப்பிக்கொண்டிருந்த பச்சமுத்துவிடம் நேராகப் போய்ப் போட்டோவைக் காட்டினான்.

பச்சமுத்து போனை வாங்கி வெயிலுக்கு மறைத்துப் பார்த்தான். அப்புறம் திருப்பிக் கொடுத்துவிட்டு மண்வெட்டியைக் கழுவினான்.

"நீ தான் மயிரு எடுத்தியா மச்சான்?"

"ஆமா."

"அடப்பாவமே," என்றான் பச்சமுத்து. நிஜமாகவே வருத்தப்பட்டதுபோல்தான் சொன்னான்.

"மாப்ள, நீ தான வித்த?"

"மூணு தபா ஊசி போட்டாச்சி. செனை நிக்கல. மலட்டு மாட்ட வச்சிக்கினு நான் இன்னா பண்ணட்டும்? விக்கலாம்னா ஒந் தங்கச்சி, தாய் வூட்டு மாடுனு கயித்த வுடமாட்றா."

"வித்தது வித்த. சடையன எதுக்கு இழுத்து வுட்ட? அந்தாளு திருடன்னு ஊரே பேசுது."

"நானா சொன்னேன் திருடன்னு? மாடு காணும்னு சொன்னேன். காணும் தான?"

இருசப்பனுக்கு அவனை அடிக்கத் தோன்றியது. அடித்தால் தங்கச்சி வீட்டுக்காரன். வரப்பில் உட்கார்ந்துவிட்டான். "போலீசுக்குப் போறேன்," என்றான்.

"போ. மொதல்ல ஒன் மொதலாளிய தான் கூப்ட்டு வச்சி கேப்பான், இந்தத் தோலு எங்கேர்ந்து வந்துதுனு. அப்பறம் நீ எங்க வேலைக்கிப் போவ? சரி, என்ன புடிச்சி உள்ள போடுறான்னு வையி. குத்தக நெலத்த எவன் பாப்பான்? ஒந் தங்கச்சி ரெண்டு புள்ளையோட ஒன் வூட்டு வாசல்ல தான் வந்து நிப்பா." மண்வெட்டியைத் தோளில் வைத்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஒனக்கு மனசு கேக்கலனா ஒண்ணு செய்யி. ஞாயித்துக்கெழம மேல வந்து, மாடு செத்துப்போச்சி, தோலப் பாத்தேன்னு சொல்லு. அவளும் தேடறத வுட்டுடுவா. எவனோ திருடினு போயி வித்துட்டான்னு ஆயிடும். சடையன் மேலயும் பழி இல்ல. யாரு வித்தாங்கறது மட்டும் வாணாம்."

யோசித்துப் பார்த்தால் அது சரியாகத்தான் பட்டது. இரண்டு ராத்திரி புரண்டு புரண்டு படுத்து இருசப்பனும் அங்கேயேதான் வந்து சேர்ந்தான். மாடு செத்தது என்று மட்டும் சொல்லலாம். சடையன் மாட்டை ஒளித்து வைத்திருக்கிறார் என்கிற பேச்சு அதோடு போய்விடும். தங்கச்சி குடும்பமும் உடையாது.

சனிக்கிழமை அந்தத் தோல் பட்டைத் தண்ணீர்த் தொட்டியில் இறங்கியது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தண்ணீரில் முதலில் லேசான சாறுள்ள தொட்டி, அப்புறம் கெட்டியான சாறுள்ள தொட்டி என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். அவன்தான் கழியால் அமுக்கினான். வெளுத்த தோல் ஒருதரம் மேலே வந்து புரண்டு, தவிட்டு நிறத் தண்ணீருக்குள் போனது.

ஞாயிற்றுக்கிழமை மலையில் கோயிலுக்கு முன்னால் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். மலை ஊர் ஆட்கள் இருபது பேர், கீழிருந்து மாடு விட்டவர்கள் ஏழெட்டுப் பேர். சடையன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். அறுபது வயதிருக்கும். அவர் மனைவி ஆண்டாள் கொஞ்சம் தள்ளிப் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். அவர்கள் வீட்டுக் கறவை மாடு பக்கத்து வேலியில் கட்டியிருந்தது. மாசியில் போட்ட கன்று அதன் மடியை முட்டிக்கொண்டிருந்தது. அவர்களுக்கென்று இருந்தது அந்த ஒரு மாடுதான். மற்றதெல்லாம் ஊரார் மாடு.

"ஒவ்வொண்ணா எண்ணி தான் சாமி கட்டனேன்," என்றார் சடையன். "விடியல்ல பாத்தா கயிறு அவுந்து கெடக்குது. அறுக்கல. அவுத்திருக்குது. அவ்ளோ தான் எனக்குத் தெரியும்."

"நாப்பது மாட்டுல எங்க மாட்டு கயிறு மட்டும் தானா அவுந்துக்கிச்சா?" என்றாள் ரங்கம்மாள். பதினாறு நாள் அலைச்சலில் அவள் முகம் கறுத்திருந்தது. "எங்கனா ஓட்டி வச்சிருந்தா குடுத்துடுங்க. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். காலுல கூட வுழறேன்."

பஞ்சாயத்தை நடத்துகிற ஊர்க்கவுண்டர் கையை உயர்த்தினார். ஒல்லியான மனிதர். காதில் வைத்திருந்த பீடியை எடுத்து மறுபடி அங்கேயே வைத்தார்.

"மாட்டக் கண்ணால கண்டவங்க யாருனா உண்டா? உசுரோடயோ, செத்தோ?"

இருசப்பன் எழுந்தான். பச்சமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் பாத்தேங்க. செத்துப்போச்சி. தோலப் பாத்தேன்."

"நீ யாருப்பா?"

"அந்தப் பொம்பளக்கி அண்ணன். தோல்ஷாப்புல வேல. இந்தத் தழும்பு நான் போட்ட சூடுங்க."

போன் கைமாறியது. "இது இன்னாடா, வேட்டியா?" என்றார் ஒருவர். "தலகீழாப் புடிச்சிக்கினு கீற பெரியப்பா," என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். கடைசியாகப் போன் ரங்கம்மாளிடம் வந்தது. அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முதலில் படத்தைத் தடவினாள். படம் நகர்ந்துவிட்டது. பயந்துபோய் அண்ணனிடம் நீட்டினாள். அவன் மறுபடி அதைக் கொண்டுவரப் பார்த்தான். விரலுக்கு வரவில்லை. பக்கத்தில் இருந்த யாரோ வாங்கிச் சரிசெய்து கொடுத்தார்கள்.

"எம் மாடு தான்," என்றாள். அப்புறம் மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

ஊர்க்கவுண்டர் அவள் அழுது முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார்.

"சடையா, கேட்டியா?"

"கேட்டேன் சாமி."

"மாடு தொலைஞ்சிதுனா தேடறதுக்கு மூணு மாசம் தவண. எங்கனா மேஞ்சிக்கினு இருக்கும், வந்துடும். அது நம்ப ஊருக் கட்டுப்பாடு. மாடு செத்ததுக்கு சாட்சி வந்துட்டா தவண கெடையாது. காவல் காத்தவன் அன்னிக்கே மாட்டுக்கு மாடு குடுத்துடணும். எவன் திருடினான், எவன் அறுத்தாங்கறது அப்பறம். காவல் ஒன்னுது."

இருசப்பனுக்கு முதலில் விளங்கவில்லை. ஆண்டாள் வாயில் முந்தானையை வைத்து அழுத்தியபோதுதான் விளங்கியது. அவன் பச்சமுத்துவைப் பார்த்தான். பச்சமுத்து முகத்தில் ஆச்சரியம் இல்லை. வருஷா வருஷம் மலைக்கு மாடு ஓட்டுகிறவன். இந்தக் கட்டு அவனுக்கு எப்போதோ தெரியும். மலட்டு மாட்டை விற்றாயிற்று, மாசிக் கன்றோடு கறக்கிற மாடு வேலியில் நிற்கிறது. மூன்று மாதம் ஆகவேண்டியதை ஒரே நாளில் முடித்துக் கொடுக்க ஒரு சாட்சி இல்லாமல் இருந்தது. அதையும் மச்சானே எழுந்து நின்று சொல்லிவிட்டான்.

"இல்லீங்க, இல்லீங்க," என்றான் இருசப்பன். "அத வித்தது வேற யாரும் இல்லீங்க. எங்க மாப்ள தான். பச்சமுத்து தான். எங்கிட்டயே ஒத்துக்கினாரு."

எல்லாத் தலையும் பச்சமுத்து பக்கம் போனது.

"மச்சான், தண்ணிகிண்ணி போட்டுக்கினு வந்தியா?" என்றான் பச்சமுத்து.

"இத ஏன் மொதல்லயே சொல்லல?" என்றார் ஊர்க்கவுண்டர்.

இருசப்பன் தங்கச்சி பக்கம் திரும்பினான். "தங்கச்சி வாழ்க்கைங்க," என்றான். சொன்ன பிறகு அது அவனுக்கே அசிங்கமாக இருந்தது.

"நீ கண்ணால பாத்தியா, அவரு ஓட்டிக்கினு போனத?"

"பாக்கலீங்க."

"வேற யாருனா பாத்தாங்களா?"

"இல்லீங்க. ஆனா அந்த மாடு வேத்தாளுக்கு நடக்காதுங்க. எந் தங்கச்சியக் கேளுங்க. அவளுக்குத் தெரியும்."

எல்லோரும் ரங்கம்மாளைப் பார்த்தார்கள். அவள் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். நெற்றியில் மண் ஒட்டியிருந்தது. புருஷனைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பதினாறு நாள் கூடவே வந்து, கூடவே கூப்பிட்டு, ஓடையில் அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தவன். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது இருசப்பனுக்குத் தெரிந்தது. சின்ன வயதில் பானை உடைந்தது யாரால் என்று தெரிந்தபோதும் அவள் இப்படித்தான் ஒருதரம் எச்சிலை விழுங்குவாள்.

"சொல்லும்மா," என்றார் ஊர்க்கவுண்டர். "மாடு போன ராத்திரி ஒம் புருசன் எங்க இருந்தாரு?"

"வூட்டுல தான் படுத்துக்கினு இருந்தாரு," என்றாள் ரங்கம்மாள்.

"நல்லா யோசன பண்ணிச் சொல்லு. கோயிலு முன்னால கீற."

"என் பக்கத்துல தான் படுத்துக்கினு இருந்தாரு. எங்கியும் போவல."

சடையன் இருசப்பனைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. எங்கிருந்தோ வந்து தன் வீட்டு மாட்டை அவிழ்த்துக் கொடுத்துவிட்ட இந்த ஆள் யார் என்று பார்ப்பதுபோல் இருந்தது.

"கன்னு பால் குடிக்குது சாமி," என்றாள் ஆண்டாள். "ரெண்டு மாசம் போவட்டும். நாங்களே கீழ கொண்டாந்து கட்டிட்டுப் போறோம்."

"அவங்களுக்குப் போனது மாடு. வரவேண்டியதும் மாடு. கன்னு ஒன்னுது, வச்சிக்க. மாடு இன்னிக்கே போவணும். கட்டுனா கட்டு தான்." ஊர்க்கவுண்டர் பீடியைப் பற்றவைத்தார். அவருக்கும் அது பிடித்ததாகத் தெரியவில்லை.

"தோலு தொட்டியில கீதுங்க," என்றான் இருசப்பன். "இருவது நாளு குடுங்க. பதமாயி வந்துடும். தழும்பு நல்லா தெரியும். கொண்டாந்து காட்றேன்."

"அதுல இன்னாப்பா தெரியும்? மாடு செத்தது தெரியும். அத தான் இப்பவே சொல்லிட்டியே."

கூட்டம் கலைந்தது. ஆண்டாள் கன்றை இழுத்துப்போய் வீட்டுக்குள் அடைத்தாள். சடையன் வேலியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, யார் கையில் கொடுப்பது என்று ஒரு நிமிஷம் நின்றார். பச்சமுத்து குட்டியானை வண்டியைப் பேசிவைக்க ரோட்டுக்குப் போய்விட்டான். வண்டியை அவன் நேற்றே சொல்லி வைத்திருக்கவும் கூடும். சடையன் கயிற்றை ரங்கம்மாள் கையில் கொடுத்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு வாங்கினாள்.

ரோடு வரைக்கும் கல் பாவிய இறக்கம். பத்து அடி வந்ததும் உள்ளேயிருந்து கன்று கத்தியது. மாடு நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது. ரங்கம்மாள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு இழுத்தாள். மூக்கணாங்கயிறு இழுபட்டு மாட்டின் மூக்கு விரிந்தது. அது நகரவில்லை. மடி கனத்துப் பால் கல்மேல் சொட்டியது.

"ரங்கம்மா," என்றான் இருசப்பன்.

அவள் திரும்பவில்லை.

"ஒனக்குத் தெரியும்ல?"

"தெரிஞ்சி இன்னா பண்ணட்டும்?" என்றாள். "புள்ளைங்கள எங்க இட்டுனு போவட்டும், சொல்லு. ஒன் வூட்டுக்கா? ஒன் வூட்டுல படுக்கறதுக்கு எடம் கீதா?"

ஒரே அறையும் ஒரு தடுப்பும்தான் அவன் வீடு. ஆண்டாள் வாசலில் நின்றுகொண்டு இவர்களையே பார்த்தாள். கன்று மறுபடி கத்தியது. கீழே ரோட்டில் வண்டி ஹாரன் அடித்தது.

"அண்ணே," என்றாள் ரங்கம்மாள். கயிறு அவள் தோளை அறுத்துக்கொண்டிருந்தது. "பின்னால நின்னு தள்ளு."

அவன் செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டான். இரண்டு கையையும் மாட்டின் பின்தொடையில் வைத்து அழுத்தினான். மாடு ஒரு அடி எடுத்து வைத்தது. நின்றது. அவன் மறுபடியும் தள்ளினான்.